தலைமடை நெல்லும் கடைமடை நெல்லும்: மரபணுத் தரவுக்கு வயல் சொன்ன கணக்கு

தஞ்சாவூர்ப் பக்கம் ரெண்டு விவசாயிகள் நெல் ரகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முதல் கேள்வி "மாவுக்கு எத்தனை மூட்டை?" என்பதுதான். அடுத்ததாக "வயல் எங்க இருக்கு, தலைமடையா கடைமடையா?" என்று கேட்பார்கள். ரெண்டாவது கேள்விக்குப் பதில் தெரியாமல் முதல் பதிலுக்கு அர்த்தமில்லை. மேட்டூரை ஜூன் 12-ல் திறந்தாலும் கல்லணை தாண்டி, ஆறு பிரிந்து, வாய்க்கால் பிரிந்து கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர நாளாகும். ஆடுதுறை 43-ஐத் தலைமடையில் நட்டு, இன்னொரு ரகத்தைக் கடைமடையில் நட்டு, "43 தான் ஒசத்தி" என்று ஒருவர் சொன்னால் டீக்கடையில் சிரித்துவிடுவார்கள். அது ரகத்தின் குணமா, தண்ணியின் குணமா?

டீக்கடையில் எடுபடாத இந்தக் கணக்கு 2007-ல் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் வந்தது.

கொஞ்சம் பின்னணி. நம் உடம்பின் செல்களில் புரதம் தயாரிக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. எது எவ்வளவு வேலை செய்துகொண்டிருக்கிறது என்று அளப்பதைத்தான் மரபணு வெளிப்பாடு என்கிறோம். ஸ்பீல்மன் குழுவினர் ஐரோப்பிய வம்சாவளியினர் 60 பேர், சீன, ஜப்பானிய வம்சாவளியினர் 82 பேர் ஆகியோரின் செல்களை எடுத்து 4,197 மரபணுக்களை ஒப்பிட்டார்கள். அவற்றில் சுமார் 26 சதவீதம் ரெண்டு கூட்டத்துக்கும் வேறுபடுகிறது என்பது முடிவு. அதே வருடம் ஜோஷுவா ஏக்கியும் சகாக்களும் அந்தத் தரவை இறக்கி, ஒவ்வொரு சிப்பும் எந்தத் தேதியில் ஓடியது என்று பார்த்தார்கள். ஐரோப்பியர் மாதிரிகள் பெரும்பாலும் 2003, 2004-ல் ஓடியவை. ஆசியர் மாதிரிகள் 2005, 2006-ல். ஒரு ரகம் முழுக்கத் தலைமடையில், இன்னொன்று முழுக்கக் கடைமடையில்! ஸ்பீல்மன் தரப்பு பதில் எழுதியது. ஆனால் இனத்தையும் வருடத்தையும் அந்தத் தரவுக்குள்ளேயே பிரித்தெடுக்க வழியில்லை என்பதுதான் என் வாசிப்பு.

துறையில் இதற்கு 'பேட்ச் எஃபெக்ட்' என்று பெயர். ரசாயனப் புட்டி மாறினால், ஆள் மாறினால், ஆய்வகத்தின் வெப்பம் மாறினால்கூட எண்கள் நகரும். அதே 2007-ல் வெளியான 'காம்பேட்' போன்ற மென்பொருள்கள் இதைச் சரிசெய்யும். ஆனால் ஒவ்வொரு பேட்சிலும் ரெண்டு தரப்பும் கலந்திருந்தால்தான் அந்தத் திருத்தத்தை நம்ப முடியும். நோயாளிகள் எல்லாம் ஒரு பேட்ச், மற்றவர்கள் எல்லாம் இன்னொரு பேட்ச் என்றால் எந்த அல்காரிதமும் உதவாது. ரெண்டு தெரியாத எண்ணுக்கு ஒரே ஒரு சமன்பாடு வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இதற்கு விடை மரபியலிலிருந்து வரவில்லை, வயலிலிருந்து வந்தது. 1919-ல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில் சேர்ந்த ரொனால்ட் ஃபிஷர், 1926-ல் வயல் சோதனைகளை எப்படி அமைப்பது என்று ஒரு கட்டுரை எழுதினார். மண் ஒரே சீராக இருக்காது. ஆகவே வயலைப் பிளாக்குகளாகப் பிரி, ஒவ்வொரு பிளாக்கிலும் எல்லா ரகமும் இருக்கட்டும், உள்ளே எது எங்கே என்பதைக் குலுக்கல் முடிவு செய்யட்டும். (குடவோலை பார்த்த ஊர்க்காரர்களுக்குக் குலுக்கல் புதுசில்லை.) 1922-ல் தொடங்கிய ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் உட்பட, நெல் ரகம் சோதிக்கும் இடங்களில் இன்றும் இதுதான் அடிப்படை.

ரகம் நிறைய, பிளாக் சின்னது என்றால்? இங்கே நம் நாட்டுக் கணிதம் வருகிறது. கல்கத்தாவில் மஹலனோபிஸின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் இருந்த ஆர்.சி. போஸ் 1939-ல் 'சமநிலைப்பட்ட முழுமையற்ற பிளாக்' அமைப்புகளை உருவாக்கும் வழிகளை எழுதினார். பெயர்தான் பயமுறுத்தும். 7 ரகம் இருக்கிறது, ஒரு பிளாக்கில் 3-க்குத்தான் இடம். 7 பிளாக் போட்டால், எந்த ரெண்டு ரகமும் சரியாக ஒரே ஒரு பிளாக்கில் சந்திக்கும்படி நடமுடியும். ஒரு தாளில் போட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் நல்லா போகும். (ஆய்லரின் 1782-ம் வருட அனுமானம் ஒன்றை 1959-ல் சகாக்களோடு சேர்ந்து உடைத்தவரும் இதே போஸ்தான்.)

2001-ல் கேத்லீன் கெர், கேரி சர்ச்சில் ரெண்டு பேரும் அன்றைய இருநிற மைக்ரோஅரே சிப்பைப் பார்த்து, இது ரெண்டே ரெண்டு மாதிரிக்கு இடமுள்ள ஒரு பிளாக், அவ்வளவுதான் என்றார்கள். அதற்குப் பிறகு எழுபது வருட வயல் கணக்கு அப்படியே மரபணு ஆய்வகத்துக்குள் வந்துவிட்டது. அதை எல்லாரும் பின்பற்றினார்களா என்றால், 2007-ஐ மேலே பார்த்தோமே.

சரி, இதற்கும் மருந்துக்கும் என்ன சம்பந்தம்? பழைய மருந்துக்குப் புது வேலை கொடுப்பது புதிதல்ல. தாலிடோமைடு தொழுநோயின் ஒருவகைக் கடும் எதிர்வினையை அடக்குகிறது என்பதை ஜெருசலேமில் ஷெஸ்கின் தற்செயலாகக் கண்டு 1960-களில் எழுதினார். அதை ஆஸ்பிரினோடு ஒப்பிட்டு உலக சுகாதார நிறுவனம் ஒருங்கிணைத்த சோதனையின் கட்டுரை 1971-ல் வந்தபோது அதன் முதல் ஆசிரியர் செங்கல்பட்டு மத்திய தொழுநோய் நிறுவனத்தின் சி.ஜி.எஸ். ஐயர். தற்செயலுக்குக் காத்திராமல் தேட முடியுமா என்று 2006-ல் பிராட் நிறுவனம் 'கனெக்டிவிட்டி மேப்' ஒன்றை வெளியிட்டது. 164 மருந்துப் பொருட்கள் ஒவ்வொன்றும் செல்லின் மரபணுக்களை எப்படி ஏற்றி இறக்குகின்றன என்ற பட்டியல். நோய் ஏற்றியதை இறக்கி, இறக்கியதை ஏற்றும் மருந்து கிடைத்தால் அதைச் சோதித்துப் பார்க்கலாம். 2017-ல் இது 13 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளாக வளர்ந்தது.

2021-ல் லிம், பாவ்லிடிஸ் இருவரும் ஒரு எளிய கேள்வி கேட்டார்கள். பழைய மேப்பில் ஒரு மருந்தின் ரேகையை எடுத்துப் புதிய மேப்பில் தேடினால் அதே மருந்து முன்வரிசையில் வருமா? வெற்றி 17 சதவீதம். தன் போட்டோவையே கொடுத்துத் தேடினாலும் ஆள் கிடைக்காத நிலை. மருந்தின் அளவும் செல் வகையும் இதில் நிறைய விளையாடுகின்றன. மருந்துப் பக்கம் இப்படி என்றால் நோயாளி பக்கம் எப்படி?

அரிய நோயில்தான் இது வலிக்கிறது. மாமன் மகள், அத்தை மகன் என்று தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள் மணம் முடிக்கும் நம் ஊர்களில் பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒரே பழுது குழந்தைக்கு வந்து சேரும் வாய்ப்பு அதிகம். இந்நோய்களில் பெரும்பாலானவற்றுக்கு மருந்தே கிடையாது. புதிதாக ஒன்று உருவாக்கும் செலவைப் போட, சில நூறு நோயாளிகளுக்காக எந்தக் கம்பெனியும் சட்டென்று முன்வராது. பழைய மருந்தில் தேடுவதே நடக்கக்கூடிய வழி. ஆனால் நோயாளி வருடத்துக்கு ஒருவர், இருவர் என்றுதான் வருவார். மாதிரி நாலு ஊர் தாண்டி ஆய்வகம் போகும், வழியில் ஆர்.என்.ஏ. சிதையும். ஒப்பிட ஆரோக்கியமானவர் தரவு வேண்டும் என்றால் இணையத்தில் யாரோ எப்போதோ ஏற்றிவைத்ததை இறக்குவார்கள். நோயும் பேட்சும் ஒன்றாகிவிடும். பிறகு கணினி ஒரு மருந்தைக் காட்டும். அது நோயைத் திருப்புகிற மருந்தா, ஐஸ் பெட்டி தாமதமானதைத் திருப்புகிற மருந்தா என்று தெரியாது.

இதற்கும் வயலில் ஒரு விடை உண்டு. புதுசாக ஒட்டுச் சேர்த்த நெல்லில் கைப்பிடி விதைதான் இருக்கும், எல்லா பிளாக்கிலும் திரும்பத் திரும்ப விதைக்க முடியாது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் வால்டர் ஃபெடரர் 1956-ல் ஹவாய்க் கரும்புத் தோட்டக்காரர்களின் இதழில் ஒரு யோசனை சொன்னார். குணம் தெரிந்த பழைய ரகங்கள் சிலவற்றை எல்லா பிளாக்கிலும் நடு, புது ரகத்தை ஒரே ஒரு பிளாக்கில் நடு. பழைய ரகம் பிளாக்குக்குப் பிளாக் எவ்வளவு கூடிக் குறைகிறதோ அதை வைத்துப் புது ரகத்தின் எண்ணைச் சரிசெய்.

கைப்பிடி விதை என்ற இடத்தில் ஒரே ஒரு நோயாளி என்று போட்டுப் பாருங்கள். எல்லா பேட்சிலும் ஓட்ட, உறைநிலையில் பிரித்து வைத்த ஒரே பொது மாதிரி. கூடவே, குழந்தையோடு ஆஸ்பத்திரிக்கு வந்த, நோயில்லாத அண்ணனிடமோ அக்காவிடமோ அதே காலையில் அதே வகைக் குழாயில் எடுத்த ரத்தம், அதே ஐஸ் பெட்டியில், அதே தட்டில். கூடுதல் செலவு சில குழாய்களும் கொஞ்சம் ரசாயனமும்தான். ஆனால் முதல் நோயாளி வருவதற்கு முன்னாலேயே இதை முடிவு செய்திருக்கவேண்டும்.

நான் இந்தத் துறையின் பொதுத் தரவு எதை இறக்கினாலும் முதலில் ஓட்டுவது பத்து வரி ஸ்கிரிப்ட். பழைய அஃபிமெட்ரிக்ஸ் சிப் கோப்புகளின் தலைப்பகுதியில் ஸ்கேன் செய்த தேதி இருக்கும். அதை எடுத்து, நோயாளிக்கு ஒரு நிறம், மற்றவர்க்கு ஒரு நிறம் கொடுத்துத் தேதி வரிசையில் புள்ளி வைப்பேன். ரெண்டு நிறமும் கலந்திருந்தால் மேற்கொண்டு படிப்பேன். தனித்தனியாக நின்றால் அந்த ஃபோல்டரை மூடிவிடுவேன்.