நுவரெலியாவில் பிறந்த கருப்பு

சாமுவேல் பேக்கர் இலங்கைக்கு வந்தது யானை வேட்டைக்கு. காய்ச்சலில் விழுந்து, உடம்பு தேற நுவரெலியா மலைக்குப் போனார். குளிர் அவரை மயக்கிவிட்டது. 1848இல் குடும்பம், கொல்லர், பண்ணையாட்கள், மாடுகள், வேட்டைநாய்கள் என்று எல்லாவற்றையும் கப்பலேற்றிக் கொண்டுவந்து, மலைமேல் ஓர் ஆங்கிலக் கிராமத்தையே நட்டுவைக்கப் பார்த்தார். 1855இல் கிளம்பியும் போய்விட்டார். ஆப்பிரிக்காவில் ஆல்பர்ட் ஏரியைக் கண்டு அவர் பெயர் வாங்கியது அதன் பிறகுதான். இலங்கையின் இன்றைய லயன் பியர் நிறுவனமோ, 1849இல் அவர் அங்கே பியர் காய்ச்சியதிலிருந்து தன் வரலாற்றைத் தொடங்குகிறது. முறையான வணிக ஆலை எழுந்தது 1881இல்.

ஏன் மலை? பார்லியும் ஹாப்ஸும் எப்படியும் கப்பலில்தான் வரவேண்டும். துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே காய்ச்சியிருந்தால் கூலி மிச்சம். தடுத்தது வெயில். ஐரோப்பாவிலேயே கோடையில் காய்ச்சிய பியர் கெட்டுப் புளித்தது. பவேரியாவில் ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பியர் காய்ச்சவே கூடாது என்று 1553இல் ஆணை போட்டார்கள். பருவ பியர் என்று இன்று நாகரிகமாகச் சொல்வதற்கெல்லாம் வேர் இந்த மாதிரிக் கட்டாயம்தான். லாகர் வகை பியரின் ஈஸ்ட்டுக்கு 10 பாகை வாக்கில் குளிர் வேண்டும், பிறகு வாரக்கணக்கில் உறைநிலைக்கு அருகே கிடக்க வேண்டும். குளிரூட்டும் இயந்திரம் வருவதற்கு முன் நம் பக்கம் அதை நினைக்கவே முடியாது. ஏல், ஸ்டவுட் வகை ஈஸ்ட்டுக்கு 15 முதல் 20 பாகை போதும். 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி 16. லவர்ஸ் லீப் அருவித் தண்ணீரும் கிடைத்தது. கசௌலி, மர்ரி, நீலகிரி என்று வெள்ளைக்காரன் பியர் ஆலைகளோடு மலையேறியதற்கும் இந்தக் கணக்கே காரணம். நீலகிரி ஆலையைப் பிறகு, 1915இல், தாமஸ் லீஷ்மன் யுனைடெட் ப்ருவரீஸில் சேர்த்துக்கொண்டார்.

எங்கள் ஊரான கெடார் பக்கம் மார்கழி விடியலில் 20 பாகைக்குக் கொஞ்சம் கீழே இறங்கினாலே போர்வையைத் தேடுவோம்; பத்து மணிக்கு வெயில் வந்துவிடும். இந்தச் சூட்டோடு ஒத்துப்போனது பனங்கள் ஒன்றுதான். ஈஸ்ட் காற்றிலிருந்து தானே வந்து சேரும், காலையில் இறக்கியது மாலைக்குள் கடுத்துவிடும். சேமிக்கும் கவலையே இல்லாத பானம். 1987 முதல் அதற்கும் தமிழ்நாட்டில் தடை.

ஸ்டவுட் என்ற பியருக்குக் கருப்பு நிறம் வந்தது வேறு வழியில். லண்டன் சுமைகூலிகள் குடித்த போர்ட்டர்தான் ஸ்டவுட்டின் தாய். 1817இல் டேனியல் வீலர் என்பவர் காப்பிக்கொட்டை வறுப்பதுபோல் உருளையில் போட்டு மால்ட்டை வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதற்குப் பிறகு கொஞ்சம் கருக்கிய மால்ட் சேர்த்தாலே பீப்பாய் முழுதும் கருத்தது. இந்தியாவுக்கு வந்த பட்டாளத்தில் அதிகாரிகள் வெளிர்நிற ஏல் குடித்தார்கள் என்று விளம்பரங்கள் இன்றும் பெருமை பேசுகின்றன. சிப்பாய்களுக்குப் பீப்பாய் பீப்பாயாக இறங்கியது போர்ட்டர்.

நுவரெலியாவைச் சுற்றி முதலில் காப்பி, இலைநோயில் அது அழிந்தபின் தேயிலை. திருச்சி, மதுரை, சேலம் பக்கத்திலிருந்து போன நம் ஆட்கள் காடழித்து நட்ட தோட்டங்கள். அந்தத் தோட்டத் துரைமார்களின் தாகத்தை நம்பி எழுந்த ஆலை, துரைமார்கள் போனபின்னும் ஸ்டவுட்டைக் கைவிடவில்லை. அது பலம் தரும் என்ற நம்பிக்கையும் ஒரு காரணமாக இருக்கும். போட்டியாளரான மெக்கலம் ஆலை தன் ஸ்டவுட்டுக்கு ‘சாண்டோ’ என்றே பெயர் வைத்து, பயில்வான் யூஜின் சாண்டோவைப் புட்டிச் சீட்டில் நிறுத்தியது. நம் படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டதும் அதே சாண்டோதான்.

வெளியுலகுக்கு லயன் ஸ்டவுட்டைக் காட்டிக்கொடுத்தவர் மைக்கேல் ஜாக்சன். பாடகர் அல்ல, 1977இல் உலக பியர் வழிகாட்டி எழுதிய ஆங்கிலேயர். கண்டியில் ஒரு பழைய கடையில் இந்த ஸ்டவுட்டை மரப்பீப்பாயிலிருந்து கைப்பம்பால் இறைத்து ஊற்றுவதை அவர் பார்த்தார். லண்டன் மதுக்கடைகளின் பழைய முறை, வெப்பமண்டலத் தீவில் உயிரோடு! அவர் எழுதி எழுதியே அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அதற்கு ரசிகர்கள் சேர்ந்தார்கள்.

1990களின் பிற்பகுதியில் உற்பத்தி மலையிறங்கிக் கொழும்பை அடுத்த பியகமவுக்குப் போய்விட்டது. இயந்திரம் குளிரைத் தரும்போது மலை எதற்கு? லயனில் இன்று அதிகம் ஓடுவது லாகர்தான்; ஸ்டவுட் 8.8 சதவீத ஆல்கஹாலோடு ஓரமாக நிற்கிறது. வாயில் முதலில் கருப்பட்டி, பிறகு காப்பிக் கசப்பு, கடைசியில் தொண்டையில் ஒரு சூடு. இந்தச் சுவை தெரிய வேண்டுமானால் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் வெளியே வைத்து, 12 பாகை வாக்கில் மெதுவாகக் குடிக்க வேண்டும். பல்கூசும் குளிரில்தான் வேண்டும் என்பவர்கள் லாகரே வாங்கிக்கொள்ளலாம், விலையும் குறைவு.