பாட்டி சொல்லாத சலவைக் குறிப்பு

பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப்போன வெள்ளை சாக்ஸ் அடியில் கறுத்துப் போனால் என்ன செய்வது? தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகளில் இதற்கு மூன்று பதில்கள் தயாராக இருக்கும். சோடா போட்டுச் சுடுதண்ணீரில் ஊறவை, எலுமிச்சம்பழம் தேய், கடைசி அலசலில் இரண்டு சொட்டு நீலம் விடு. வீட்டுக்குறிப்புப் பக்கங்களில் இவை பாட்டி கைப்பக்குவம் என்ற பெயரில் அச்சாகின்றன. அந்தப் பெயர் வரலாற்றோடு ஒட்டவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். காரத்தில் தோய்ப்பது, ஆவியில் அவிப்பது, புளிப்பில் அலசுவது, வெயிலில் விரிப்பது, நீலம் காட்டுவது, கஞ்சி போடுவது என்ற அறிவு, வெளுப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் ஆற்றங்கரையிலும் குளக்கரையிலும் சேர்த்து வைத்தது. வீடுகள் அதில் சரக்கை மட்டும் எடுத்துக்கொண்டன. எதற்குப் பின் எது என்ற வரிசை துறையிலேயே நின்றுவிட்டது. யாரிடமிருந்து வந்தது என்ற நினைவும் கூடவே போய்விட்டது.

பிறர் துணியை வெளுத்துத் தருவது தமிழகத்தில் எவ்வளவு பழைய தொழில் என்பதற்குச் சங்கப் பாடல்களே சாட்சி. குறுந்தொகையின் 330ஆம் பாட்டில் புலைத்தி ஒருத்தி துணியைப் பசையில் தோய்த்து, அடித்து, குளிர்ந்த குளத்து நீரில் போடுகிறாள். முறுக்குப் பிரியாமல் கிடக்கும் அந்தத் துணியைப் போல் பகன்றையின் வெள்ளைப் பூ இருக்கிறது என்கிறார் புலவர். நற்றிணையின் 90ஆம் பாட்டில் வருகிறவள் இன்னும் முக்கியமானவள். ஊரில் திருவிழா நடக்கிறது, உடுப்பவர்கள் பலர், அதனால் அவள் கைக்கு ஓய்வே இல்லை. அவள் இரவிலே கஞ்சியில் தோய்த்த துணியைத்தான் பாட்டில் வரும் பெண் உடுத்தியிருக்கிறாள். தன் வீட்டுத் துணியைத் துவைக்கிற பெண்ணைப் பற்றிய பாட்டல்ல இது. ஊரின் தேவை கூடினால் வேலை கூடுகிற ஒரு தொழிலாளியைப் பற்றியது. கஞ்சி போட்டுத் துணியை விறைப்பாக்கும் நுட்பம் அன்றே அவள் கையில் இருந்திருக்கிறது. சலவையின் கதையை அடுப்படியில் தொடங்குகிறவர்கள் இந்த இரண்டு பாடல்களையும் தாண்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

அந்தத் தொழிலின் நடுநாயகம் வெள்ளாவி. கோடையில் களர் நிலத்தின் மேல் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும் உவர்மண்ணைச் சுரண்டி வந்து தண்ணீரில் கரைத்துத் தெளிய விடுவார்கள். அதில் முக்கியமானது சோடியம் கார்பனேட், அதாவது கடையில் சலவைச் சோடா என்று விற்கிற அதே பொருள். அந்தக் காரத் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து, கொதிக்கும் தண்ணீர்ச் சாலின் வாயைச் சுற்றி அடுக்கடுக்காக ஏற்றி, மேலே மூடி, இரவெல்லாம் அடுப்பெரிப்பார்கள். தண்ணீர் துணியைத் தொடாது. ஆவி மட்டும் இழைக்குள் புகுந்து வரும். காரமும் சூடும் சேர்ந்து துணியில் இருக்கிற எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பாகவே மாற்றிவிடுகின்றன. அழுக்கின் ஒரு பகுதியே அழுக்கை நீக்கும் பொருளாகிவிடுகிறது என்பதால், கடைச் சோப்பு வருவதற்கு முன்பே சலவைக்குச் சோப்பு இருந்தது என்று சொல்லலாம். விடிந்ததும் துறைக்குக் கொண்டுபோய்க் கல்லில் அடித்து, ஓடுகிற நீரில் அலசி, ஈரத்தோடு வெயிலில் விரித்தால் சூரிய ஒளியும் காற்றும் மிச்சமிருக்கும் மஞ்சளைத் தின்னும். எந்த வீட்டுத் துணி எது என்பதற்குச் சேங்கொட்டைச் சாற்றால் ஓரத்தில் இடும் குறி இருந்தது. இத்தனை சோதனைக்குப் பிறகும் அது அழியாது. எந்தக் கறை போகும், எந்தக் கறை போகாது என்பதைத் துல்லியமாக அறிந்தவர்கள்தான் போகாத கறையைத் தேடி எடுத்து அடையாளமாக்கியிருக்க முடியும்.

இந்த அறிவுக்குச் சந்தையில் என்ன மதிப்பு இருந்தது என்பதைக் கிழக்கிந்தியக் கம்பெனி காட்டிக்கொடுக்கிறது. தறியிலிருந்து இறங்கும் பருத்தித் துணி பழுப்பாகத்தான் இருக்கும். அதை வெள்ளையாக்கினால்தான் லண்டன் ஏலத்தில் விலை. ஆகவே புனித ஜார்ஜ் கோட்டைக்கு நெசவாளர்கள் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு வெளுப்பவர்களும் வேண்டியிருந்தார்கள். கம்பெனித் துணிகளை வெளுத்தவர்கள் குடியிருந்த இடமே வட சென்னையின் வண்ணாரப்பேட்டை. மேற்குக் கரையில் பரூச் நகருக்கும் இதே பெருமை. ஆக்ராவிலிருந்தும் லாகூரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் துணிகளை அங்கே கொண்டுவந்து வெளுத்தார்கள் என்று 17ஆம் நூற்றாண்டுப் பயணி தவெர்னியே எழுதுகிறார். அவர் சொல்லும் காரணங்கள் இரண்டு: விரிப்பதற்கு அகன்ற வெளிகள், தோய்ப்பதற்கு ஏராளமான எலுமிச்சை. இன்று சமையலறை யோசனையாகத் தெரிகிற எலுமிச்சை, அன்று ஒரு ஏற்றுமதித் தொழிலின் மூலப்பொருள். ஐரோப்பாவில் லினன் துணியை வெளுத்தவர்கள் அதே இடத்தில் புளித்த மோரைப் பயன்படுத்தினார்கள். வெளுப்பு முடிய மாதக்கணக்கில் ஆனது. 1756இல் எடின்பரோவின் பிரான்சிஸ் ஹோம் மோருக்குப் பதில் நீர்த்த கந்தக அமிலத்தைப் பரிந்துரைத்து அந்தக் காலத்தைச் சுருக்கினார். 1799இல் சார்ல்ஸ் டென்னன்ட் பிளீச்சிங் பவுடருக்குக் காப்புரிமை பெற்றபின் வெயிலும் புல்வெளியும் தேவையில்லாமல் போயின.

மோரோ, எலுமிச்சையோ, அமிலமோ, எல்லா இடத்திலும் புளிப்பு வருவது காரத்துக்குப் பின்னால்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். என் வாதத்தின் வலுவான சான்று இங்கேதான் இருக்கிறது. காரம் பிசுக்கை எடுக்கிறது. ஆனால் அலசிய பிறகும் கொஞ்சம் இழையில் தங்கினால் நாளாக நாளாக மஞ்சளடிக்கும். தண்ணீரிலுள்ள சுண்ணாம்பும் இரும்பும் கூடவே படியும். புளிப்பு இவற்றைக் கரைத்து வெளியேற்றுகிறது. நீலம் அதற்கும் பிறகு. கட்டியாக வந்த பழைய நீலம் அல்ட்ராமரின். அது காரத்தைத் தாங்கும், புளிப்பு பட்டால் நிறமிழந்துவிடும். வீட்டுக்குறிப்புகளோ சோடாவையும் எலுமிச்சையையும் ஒரே வாளியில் கொட்டச் சொல்கின்றன. இரண்டும் சேர்ந்தால் நுரை பொங்கும், பார்க்க அழகாக இருக்கும். ஒன்றையொன்று அழித்துவிட்டு மிஞ்சுவது ஏறக்குறைய வெறும் உப்புத் தண்ணீர். போதாததற்குச் சலவைச் சோடா இருக்க வேண்டிய இடத்தில் ஆப்ப சோடா வந்து உட்கார்ந்திருக்கிறது. அதன் காரம் மிகவும் குறைவு. தலைமுறை தலைமுறையாகத் தன் கையால் செய்து கண்ட பாட்டி ஒருத்தி இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டாள். தொழிலைச் செய்யாதவர்கள் தூரத்திலிருந்து பார்த்துச் சொன்ன குறிப்பில்தான் பொருள்கள் சரியாகவும் முறை தப்பாகவும் இருக்கும்.

ஏழை வீடுகளில் பெண்கள் எப்போதும் தாங்களே துவைத்துக்கொண்டார்கள், அவர்களுக்கும் இந்த அறிவு இருந்திருக்காதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அன்றாடச் சேலையைக் குளத்தில் கசக்கிப் பிழிந்து உலர்த்தியவர்களே நாட்டில் அதிகம். ஆனால் அழுக்குப் போகத் துவைப்பது வேறு, வெளுப்பது வேறு. இரவு முழுக்க எரிக்க விறகும், சாலும், உவர்மண்ணும், விரிக்க இடமும் ஒரு குடும்பத்தின் நாலு துணிக்குக் கட்டுப்படியாகாது. பல வீட்டு மூட்டைகள் சேர்ந்தால்தான் வெள்ளாவி வைக்கலாம். இன்னொரு பக்கத்திலிருந்து, சோடாவும் நீலமும் சீமைத் தொழிற்சாலைச் சரக்கு, அவற்றுக்கும் வண்ணார் துறைக்கும் என்ன தொடர்பு என்பார்கள். சரக்கு சீமையிலிருந்து வந்தது உண்மை. பிரான்சில் கிமே 1820களில் அல்ட்ராமரினைச் செயற்கையாகச் செய்யும் வழியைக் கண்ட பிறகே அது மலிவானது. 1888இல் சன்லைட் சோப்புப் பெட்டிகள் கல்கத்தாத் துறைமுகத்தில் இறங்கின. ஆனால் புதுச் சரக்கு வந்து அமர்ந்த நாற்காலிகள் பழையவை. உவர்மண் இருந்த இடத்தில் சோடா, அவுரி இருந்த இடத்தில் நீலக்கட்டி. இடம் ஏற்கெனவே இருந்ததால்தான் விற்பனைக்காரர்களுக்கு நீலத்தின் பயனை இங்கே விளக்கிச் சொல்ல அதிகம் பாடுபட வேண்டியிருக்கவில்லை.

துறையிலிருந்து வாளிக்கு வேலை இடம்பெயர்ந்தது சுதந்திரத்துக்குப் பிந்திய கதை. அறுவடையில் அளக்கும் நெல்லையும் அந்தியில் வீடுவீடாக வாங்கும் சோற்றையும் நம்பிய ஊர் ஏற்பாடு தளர்ந்தது. 1959இல் சர்ஃப், 1969இல் நிர்மா, 1983இல் உஜாலா என்று பொடியும் சொட்டு நீலமும் வந்தன. உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்து துணியில் சாம்பல் படலமாக ஒட்டும். டிடர்ஜென்ட் அப்படித் திரியாது என்பதால் ஆழ்துளைக் கிணறுகள் பெருகிய ஊர்களில் பொடிக்கு எளிதாக வழி கிடைத்தது. டெரிலினும் டெரிகாட்டனும் வெள்ளாவியே வேண்டாத துணிகள். இதெல்லாம் வசதிதானே, இதில் குறை என்ன என்றால், வசதிதான். ஆனால் அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய நூலில் காட்டியதுபோல, கருவி வந்ததும் வேலை குறையவில்லை. வெளியே கொடுத்த வேலை வீட்டுக்குள் திரும்பி வந்தது, தூய்மையின் அளவுகோலும் உயர்ந்தது. அவர் பேசுவது அமெரிக்க வீடுகளைப் பற்றி. என்றாலும் வாரத்தில் ஒருநாள் வெள்ளைச் சீருடையும் வெள்ளைக் கேன்வாஸ் ஷூவும் கேட்கிற பள்ளிகள் உள்ள நம் ஊருக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது.

இதற்கெல்லாம் மேலான ஆட்சேபம் ஒன்று உண்டு. அந்தத் தொழில் விரும்பி ஏற்றதல்ல, பிறப்பால் கட்டிப்போட்டது. அது கலைந்ததற்கு மகிழ வேண்டுமே தவிர, துறையின் அறிவு என்று கொண்டாடுவது எதற்கு என்பது. இந்த ஆட்சேபத்தை முழுவதுமாக ஏற்கிறேன். தாழ்த்தப்பட்ட மக்களுக்கு வெளுத்த புதிரை வண்ணார் நிலை இன்னும் கொடியது. அவர்கள் கண்ணில் படுவதே தீட்டு என்று கருதப்பட்டதால் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் மட்டுமே நடமாடி வேலை செய்தார்கள் என்று 1932 டிசம்பரில் இந்து நாளிதழ் திருநெல்வேலிப் பகுதியைப் பற்றி எழுதியது. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' நாவலில் வரும் ஆரோக்கியம் அந்த வாழ்வின் இன்னொரு காலகட்டம். யாரும் அதற்குத் திரும்பிப் போக வேண்டியதில்லை. ஆனால் அடிமைத்தனம் ஒழிந்ததற்கும், அந்த மக்கள் கண்டறிந்ததை அடுத்தவர் பாட்டியின் கணக்கில் எழுதிக்கொள்வதற்கும் சம்பந்தமில்லை. முதலாவது விடுதலை. இரண்டாவதில் அவர்கள் மறுபடி கண்ணில் படாதவர்களாக ஆக்கப்படுகிறார்கள்.

இனி சாக்ஸ். வெள்ளாவிக்கு வரவே முடியாத துணி அது. விளிம்பிலுள்ள எலாஸ்டிக் ஆவியில் தளர்ந்துவிடும். இழையில் கலந்த நைலானைப் பிளீச்சிங் பவுடர் மஞ்சளாக்கும். வியர்வை ஊறிய இடத்தில் அந்த மஞ்சள் இன்னும் கூடும். ஆழ்துளைத் தண்ணீரில் இரும்பு இருந்தால் துருவின் நிறமும் சேரும். ஆகவே பழைய முறையிலிருந்து இதற்கு எடுத்துக்கொள்ளக்கூடியது வரிசை மட்டுமே. கழற்றிய அன்றே உட்புறம் வெளியே திருப்பி, சலவைச் சோடாவும் பொடியும் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, கட்டிச் சோப்பைத் தடவித் தேய்த்து, நன்றாக அலசிய பிறகு, இன்னொரு வாளியில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. அதையும் அலசிவிட்டு, வேண்டுமானால் கடைசியில் நீலம். அந்த நீலம்கூட அழுக்கு எதையும் எடுப்பதில்லை. மஞ்சள் ஒளியை விழுங்கி, துணியை உண்மையில் ஒரு சாயை இருட்டாக்குகிறது; கண்தான் அதை வெண்மை என்று படிக்கிறது. இன்றைய பொடிகளில் கலக்கப்படும் ஒளிர்வூட்டிகள் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை நீல ஒளியாக மாற்றித் தந்து அதே வேலையை வேறு வழியில் செய்கின்றன. அப்படி ஒளிரும் வெள்ளைதான் இப்போது பள்ளி வாசலில் எதிர்பார்க்கப்படுகிற வெள்ளை. வெயிலும் உவர்மண்ணும் தந்த வெண்மையை இன்று கொண்டுபோய் அதன் பக்கத்தில் வைத்தால், சரியாக வெளுக்கவில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.