கோவிந்துவின் கையெழுத்து

கம்பெனிக் காலத்துத் தாவரச் சித்திரங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு ஸ்காட்லாந்து வைத்தியர்களின் பெயரோடு நிறுத்திக்கொள்கிறார்கள்: வில்லியம் ராக்ஸ்பர்க், ராபர்ட் வைட். வரைந்த கைகள் அவர்களுடையவை அல்ல.

1795இல் லண்டனில் வெளிவரத் தொடங்கிய ராக்ஸ்பர்க்கின் கோரமண்டல் தாவர நூலில் 300 படங்கள். அவற்றில் ஒன்று நம் சமவெளி மரக்கிளைகளில் ஒட்டி வளரும் வாண்டா ஆர்க்கிட். விழுப்புரம் பக்கம் கேட்டால் புல்லுருவி என்று தள்ளிவிடுவார்கள். பாவம், அது மரத்திடமிருந்து எதையும் உறிஞ்சுவதில்லை. அதை வரைந்த இந்தியனுக்கு அந்தப் புத்தகத்தில் பெயர் கிடையாது.

1819இல் சென்னை வந்த வைட் வேறு மாதிரி. அவருடைய 'ஐகோனஸ்' 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, 2101 படங்கள். அவற்றின் அடியில் ரங்கையா, கோவிந்து என்ற இரு தெலுங்கு ஓவியர்களின் பெயர்கள் அச்சாகியிருக்கின்றன. திண்டிவனத்தில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து நாளெல்லாம் கையெழுத்துகளைச் சரிபார்க்கிறவனுக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை.

ஐந்தாம் தொகுதியில் ஆர்க்கிட்கள் வரிசையாக வருகின்றன. ரங்கையாவுக்குப் பின் 1845 வாக்கில் பொறுப்பேற்ற கோவிந்துவின் காலம் அது. வெற்றுத் தாளில் வேரோடு ஒரு செடி, நிலமில்லை, வானமில்லை. ஓரத்தில் அறுத்துப் பிரித்த பூவின் உறுப்புகள், பலமடங்கு பெரிதாக. இதைக் 'கூலிக்குச் செய்த நகல்' என்று ஒதுக்குகிற விமர்சகர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆர்க்கிடில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒரே தண்டாக இணைந்திருக்கும். அதைத் தட்டையான கோட்டில் கொண்டுவர, எதை விடுவது என்று தீர்மானிக்க வேண்டும். தீர்மானிக்கிறவன் நகல் எடுப்பவன் அல்ல.

1853இல் வைட் ஒரு புதிய ஆர்க்கிட் இனத்துக்குக் 'கோவிந்தூயியா' என்று பெயர் வைத்தார். எஜமானனின் பெருந்தன்மை என்று உருக நான் தயாராயில்லை. பெயர் கொடுக்கும் அதிகாரம் அப்போதும் அவர் கையில்தான் இருந்தது. ஆனால் ராக்ஸ்பர்க்கின் ஓவியனுக்கு அதுவும் வாய்க்கவில்லை. ஹென்றி நோல்ட்டி 2007இல் எடின்பரோவிலிருந்து வெளியிட்ட மூன்று தொகுதிகளின் தலைப்பில் ரங்கையாவும் கோவிந்துவும் வைட்டோடு சேர்ந்து நிற்கிறார்கள். நம் கலை வரலாறுகள் இவ்வளவுகூடச் செய்யவில்லை.

அந்த ஆர்க்கிட், லிண்ட்லி 1833இலேயே பெயரிட்டிருந்த ட்ரோபிடியாவைச் சேர்ந்தது என்று பின்னால் வந்தவர்கள் முடிவுசெய்தார்கள். முந்திய பெயருக்கே முன்னுரிமை, சட்டம் அப்படி. இன்றைய பட்டியல்களில் கோவிந்தூயியா ஒரு செல்லாத இணைப்பெயர். பக்கத்தில், வழக்கப்படி, பெயரிட்டவர் என்று வைட்.