ஞானப்பால் ஊருக்குப் பக்கத்தில் ஒரு கள்ளுக்கொடி

சீர்காழி என்றதும் நினைவுக்கு வரும் பானம் எது? சந்தேகமே வேண்டாம்... பால்தான்! குளக்கரையில் அழுத குழந்தைக்கு அம்பிகை ஊட்டிய ஞானப்பால். சித்திரை மாதத்தில் திருமுலைப்பால் விழா நடக்கிற ஊர் அது.

அந்த சீர்காழியிலிருந்து கிழக்கே சுமார் 20 கிலோமீட்டர் போனால் கடல் வரும். கடலோரம் பூம்புகார். சங்க காலத்துக் காவிரிப்பூம்பட்டினம். அங்கே இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பு வீதிக்கு வீதி பறந்த கொடிகளைப் பட்டியல் போடுகிறார் பட்டினப்பாலை எழுதிய கடியலூர் உருத்திரங்கண்ணனார். கோயில் கொடி, கல்வியில் கரை கண்டவர்கள் வாதத்துக்கு அழைத்து நட்ட கொடி, துறைமுகத்தில் கப்பல் கொடி... இந்த வரிசையில் கூச்சநாச்சமே இல்லாமல் இன்னொரு கொடியும் வருகிறது. கள் விற்கும் கடையின் கொடி!

அந்தக் கடையைக் கொஞ்சம் கவனியுங்கள். வாசலில் மணலைக் கொட்டிப் பரப்பி, மேலே பூவைத் தூவியிருக்கிறார்கள். முற்றத்தில் மீனையும் இறைச்சியையும் துண்டு போட்டுப் பொரிக்கிற சத்தம் தெரு வரைக்கும் கேட்கிறது. உள்ளே கூட்டம் போவதும் வருவதுமாக இருக்கிறது. இன்றைக்கு பெங்களூரில் சொந்தமாக பீர் வடித்து அங்கேயே ஊற்றிக் கொடுக்கும் 'மைக்ரோ புரூவரி'களைத் தேடிப் போய் போட்டோ எடுத்துக்கொள்கிறார்களே, அவர்களுக்கு இந்த வர்ணனையைப் படித்துக் காட்டினால் 'எங்கே இருக்கிறது அந்தக் கடை?' என்று உடனே கேட்பார்கள்.

அதே பாட்டில் பௌர்ணமி அன்று கடலுக்குப் போகாத பரதவர்கள் வருகிறார்கள். மீன் வேட்டைக்கு லீவு! சுறாமீன் கொம்பை நட்டு வைத்துக் கும்பிட்டுவிட்டு, தாழம்பூவைச் சூடிக்கொண்டு, சொரசொரப்பான பனைமரத்தின் கள்ளைக் குடிக்கிறார்கள். ஆக, பூம்புகாரின் உழைப்பாளி குடித்தது பனங்கள்.

சரி, அதே உருத்திரங்கண்ணனார் எழுதிய இன்னொரு பாட்டு இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படை. 'ஆற்றுப்படை' என்றால் என்ன? பரிசு வாங்கி வந்த கலைஞன், வறுமையில் இருக்கும் இன்னொரு கலைஞனுக்கு வழி சொல்லி அனுப்புவது. 'இந்த வழியாகப் போ, இந்த ஊரில் இன்ன சோறு கிடைக்கும், அந்த ஊரில் இன்ன கள் கிடைக்கும்' என்று புட்டுப் புட்டு வைப்பார்கள். தமிழின் முதல் பயண கைடு இவைதான் என்று தாராளமாகச் சொல்லலாம். எந்தத் திணையில் எந்தக் குடி உசத்தி என்று ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

காஞ்சிக்குப் போகிற வழியில், வலைஞர் குடியிருப்பு ஒன்றில் பாணனுக்குக் கிடைப்பது பனங்கள் இல்லை. அரிசியில் செய்தது! அதுவும் எப்படிச் செய்தார்கள் என்று புலவர் படிப்படியாகச் சொல்லிவிடுகிறார். சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள் தோற்றார்கள் போங்கள்.

குத்தித் தீட்டாத அரிசியைக் கூழாகத் துழாவிக் காய்ச்ச வேண்டும். வாய் அகன்ற தட்டில் ஊற்றி நன்றாக ஆறவிட வேண்டும். அதில் 'நல்லடை'யைக் கலக்க வேண்டும். வலுவான வாயுள்ள சாடியில் இரண்டு பகல், இரண்டு இரவு வைக்க வேண்டும். பச்சை வாசனை போய், பக்குவமாக விளைந்த பிறகு விரலால் அலைத்துப் பிழிந்து எடுக்க வேண்டும். தொட்டுக்கொள்ள சுட்ட மீன்.

இதில் ஒவ்வொரு படிக்கும் காரணம் இருக்கிறது. பனங்கள்ளில் மனிதனுக்குப் பெரிய வேலை கிடையாது. பாளையில் வடிகிற சாற்றிலேயே சர்க்கரை தயாராக இருக்கிறது. காற்றிலும் பழைய கலயத்திலும் இருக்கிற ஈஸ்ட் சில மணி நேரத்தில் அதைக் கள்ளாக்கிவிடும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் புளிப்பு ஏறாமல் பதநீராக நிற்கும். அவ்வளவுதான் வித்தை. அரிசி அப்படி இல்லை. அதில் இருப்பது மாவுச்சத்து. ஈஸ்ட்டுக்கு அது வேண்டாம். மாவைச் சர்க்கரையாக உடைத்துக் கொடுக்க இடையில் ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள்தான் 'நல்லடை'. உரை சொல்கிறவர்கள் முளைவிட்ட நெல்லை இடித்தது என்கிறார்கள். தானியம் முளைக்கும்போது மாவை உடைக்கும் நொதிகள் அதில் ஊறுகின்றன. பார்லியை முளைக்கவிட்டு உலர்த்தினால் அதுதான் 'மால்ட்'. ஹார்லிக்ஸிலும் பீரிலும் இருப்பது. ஐரோப்பாக்காரன் பார்லியில் செய்ததை நம்ம ஆட்கள் நெல்லில் செய்திருக்கிறார்கள்! கூழை ஏன் ஆறவைக்க வேண்டும்? கொதிக்கக் கொதிக்க இருந்தால் நொதியும் செத்துவிடும், ஈஸ்ட்டும் செத்துவிடும். தெர்மாமீட்டர் இல்லாத காலத்தில் அகன்ற தட்டுதான் தெர்மாமீட்டர்.

முளைகட்டுவது டெல்டாக்காரர்களுக்கு ஒன்றும் புதிதல்ல. நாற்றங்காலில் தெளிப்பதற்காக விதை நெல்லை ஊறவைத்து, மூட்டம் போட்டு முளைகட்டுவது சீர்காழி பக்கத்தில் எந்த விவசாயி வீட்டுக்கும் தெரிந்த வேலை. அந்த முளையில் ஒரு பிடியை எடுத்துக் கூழில் போட்டால் என்ன ஆகும் என்பது மட்டும்தான் மறந்துபோன சங்கதி.

இங்கே ஓர் உவமை என்னை யோசிக்க வைத்தது. இந்த 'நல்லடை'யைப் பாம்பு வாழும் புற்றுக்குள் இருக்கும் குரும்பி மாதிரி இருந்தது என்கிறார் புலவர். புற்றுக் குரும்பி என்பது என்ன? கறையான்கள் தங்கள் சாப்பாட்டுக்காகப் புற்றுக்குள்ளே வளர்க்கிற பூஞ்சைத் தோட்டம்! ஜப்பானில் 'சாக்கே' செய்ய அரிசியை உடைப்பது முளை இல்லை, பூஞ்சைதான். ஜார்க்கண்ட், ஒடிசா பழங்குடிகள் 'ஹண்டியா' என்கிற அரிசிக் கள் செய்ய 'ரானு' என்று மூலிகை கலந்த உருண்டைகளைப் போடுகிறார்கள். அதிலும் பூஞ்சையும் ஈஸ்ட்டும்தான் வேலை செய்கின்றன. நம்ம நல்லடையும் அந்த மாதிரி ஓர் அடையாக இருந்திருக்குமோ? இது என் ஊகம்தான். ஆனால், வெறும் முளைநெல்லுக்கு இவ்வளவு பொருத்தமான உவமை தற்செயலாக வந்து விழுந்தது என்று நம்ப எனக்கு மனசு வரவில்லை.

மற்ற ஊர்களையும் ஒரு சுற்று சுற்றிவிடலாம். அதே பெரும்பாணாற்றுப்படையில், வறண்ட நிலத்து வீரர்கள் எதிரியின் மாடுகளை ஓட்டி வந்து கள்ளுக்கு விலையாகக் கொடுக்கிறார்கள். அதுவும் போதாமல் வீட்டில் ஆக்கிய 'தோப்பி'யைக் குடிக்கிறார்கள். தோப்பி என்பதும் நெல்லில் செய்ததுதான். மலைப்பக்கம் போனால் மலைபடுகடாம் வேறு ருசி சொல்கிறது. மூங்கில் குழாயில் ஊற்றி முதிரவைத்த தேன் தேறல். சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினத்தில் நுளையர் வீட்டுப் பெண் வடிகட்டிய பழைய தேறலும், கூடவே சுட்ட குழல்மீன் கருவாடும். இந்த எயிற்பட்டினம்தான் இன்றைய மரக்காணம் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. ஊர்ப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுச் சரக்கும் இருந்தது. யவனர் நல்ல குடங்களில் கொண்டுவந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் குடித்ததைப் புறநானூறு சொல்கிறது. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டியபோது கிடைத்த மத்தியதரைக்கடல் மதுச்சாடித் துண்டுகள் அதற்கு சாட்சி. ஆனால், இறக்குமதி என்பது ராஜாவுக்கும் பணக்காரனுக்கும். ஊர்க்காரனுக்கு ஊர்ச் சாடி.

இதில் எந்தக் கடைக்குப் போவது லாபம் என்று கேட்டால், என் ஓட்டு வலைஞர் வீட்டு அரிசிக் கள்ளுக்குத்தான். கைவேலை அதிகம் இருப்பது அதில்தான். ஆனால், எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு. எதுவும் பயணம் செய்யாது! காலையில் இறக்கிய கள் சாயங்காலம் புளித்துவிடும். அடுத்த நாள் காடி. அரிசிக் கள்ளுக்கும் ஆயுசு சில நாள்தான். அதனால் குடிக்கிறவன்தான் அதைத் தேடிப் போக வேண்டும். போனால், வடித்தது யார் என்று முகம் தெரியும். பாட்டில் 'நுளையர் மகள் வடித்தது' என்று தயாரிப்பாளரையே அடையாளம் காட்டிவிடுகிறார்கள், பாருங்கள்!

பிறகு காற்று மாறியது. திருக்குறளில் கள்ளுண்ணாமைக்கு ஒரு தனி அதிகாரமே வந்தது. மணிமேகலையில், அதே பூம்புகார் வீதியில் ஒரு குடிகாரன் சமணத் துறவியை மடக்கிக் கள் குடிக்கச் சொல்கிறான். 'தென்னங்கள்ளில் கொலை ஏதும் இருக்கிறதா சாமி?' என்பது அவன் வாதம். பட்டினப்பாலையில் பனை; இங்கே தென்னை. டெல்டாவில் மரமும் மாறிவிட்டது!

அரசர்கள் கள்ளை ஒழித்தார்களா என்றால், அதுதான் இல்லை. வரி போட்டார்கள். பல்லவர் செப்பேடுகளில் 'ஈழம்பூட்சி' என்று கள் இறக்குவோர் மீது ஒரு வரி உண்டு. ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டில், தானம் கொடுத்த ஊரில் ஈழவர் தென்னையிலும் பனையிலும் ஏறக்கூடாது என்று ஒரு நிபந்தனை. அதைச் சலுகையாக எழுதி வைக்க வேண்டியிருந்தது என்றால், மற்ற ஊர்களில் ஏறிக்கொண்டுதானே இருந்தார்கள்?

வெள்ளைக்காரன் கள்ளுக்கடைகளை ஏலம் விட்டுக் கஜானாவை நிரப்பினான். ஒத்துழையாமை இயக்கம் சூடுபிடித்த 1921-ல் ஈ.வெ.ரா. தன் தோப்பில் நூற்றுக்கணக்கான தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். 1937 அக்டோபர் 1-ம் தேதி ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். துண்டு விழுந்த வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி வந்தது. 1948 அக்டோபர் 2-ல் மாகாணம் முழுக்க கடைகள் மூடப்பட்டன. பிற்பாடு மது திரும்பி வந்தது. விற்பனை வரியும் போகவில்லை!

சீர்காழிக்காரர்களுக்கு இதில் ஒரு விசேஷ வசதி. தரங்கம்பாடி தாண்டினால் காரைக்கால். 1739-லிருந்து 1954 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த மண். ராஜாஜியின் சட்டம் அங்கே செல்லாது. இன்றைக்கும் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் கள்ளுக்கடையும் சாராயக்கடையும் சட்டப்படியே நடக்கின்றன. ஒரே மரம், ஒரே கடல் காற்று. செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் குற்றம், அந்தப் பக்கம் ஏலம்.

இந்தப் பக்கம் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1971-ல் திறந்தார்கள். 1973, 74-ல் மூடினார்கள். 1981-ல் மறுபடி திறந்தார்கள். 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 1987-ல் கள்ளையும் சாராயத்தையும் மட்டும் மூடி, பாட்டில் சரக்கை விட்டுவைத்தார்கள். 1990-ல் மலிவு விலை மது, 1991-ல் அதற்கும் தடை. 2003 நவம்பரில் சில்லறைக் கடைகளே அரசாங்கத்துடையது ஆயின. 2023-24-ல் அதில் வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கும் மேல். பனை நம் மாநில மரம். அதன் கள் மட்டும் சட்டவிரோதம்.

இப்போது மரக்காணத்துக்கு வருவோம். 2023 மே மாதம், மரக்காணத்தை ஒட்டிய எக்கியார்குப்பம் என்ற மீனவ கிராமத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் செத்து விழுந்தார்கள். பக்கத்து செங்கல்பட்டு மாவட்டத்திலும் சாவு. மொத்தம் 20 பேருக்கு மேல். அடுத்த வருஷம் ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60 பேருக்கும் மேல். இரண்டு இடத்திலும் எமன் ஒருவன்தான்... மெத்தனால். தொழிற்சாலைக்கு வேண்டிய ரசாயனம். உடம்புக்குள் போனதும் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்ணைப் பறிக்கும், பிறகு உயிரை. முளைநெல்லோ பனஞ்சாறோ சாடியில் புளித்து இந்த அளவு விஷம் உண்டாகாது. நுளையர் மகள் தேறல் வடித்துக் கொடுத்த அதே கடற்கரையில், யார் கலந்தது என்று தெரியாத பாக்கெட்டை வாங்கிக் குடித்திருக்கிறார்கள் அவள் வம்சத்தார்.

கள்ளுக்கடை திறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. கள்ளிலும் மயக்க மாத்திரை, குளோரல் ஹைட்ரேட் என்று கண்டதையும் கலக்கிற ஆட்கள் தெலங்கானாவிலும் கேரளத்திலும் பிடிபட்டிருக்கிறார்கள். குடித்தே அழிந்த குடும்பங்கள் சங்க காலத்திலும் இருந்திருக்கும். புலவர்கள் பாடாமல் விட்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

ஆனால், மற்றவர்கள் தங்கள் சாடியை என்ன செய்தார்கள் என்று பாருங்கள். கோவா தன் முந்திரி 'ஃபெனி'க்கு 2009-ல் புவிசார் குறியீடு வாங்கிவிட்டது. அஸ்ஸாமின் திமாசா மக்கள் வீட்டில் வடிக்கும் 'ஜூதிமா' என்ற அரிசி மதுவுக்கு 2021-ல் அதே அந்தஸ்து. கேரளத்துக் கள்ளுஷாப்புக்கு மரவள்ளிக்கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிடுவதற்கென்றே போகிறவர்கள் உண்டு. பூம்புகார் கடை முற்றத்தில் பொரிந்த மீனின் வாசனை இப்போது அங்கேதான் அடிக்கிறது.

நம்மிடம் குறிப்பு இருக்கிறது. நெல் இருக்கிறது. முளைகட்டத் தெரிந்த கைகள் சீர்காழி தாலுகாவில் ஊருக்கு ஊர் இருக்கின்றன. உருத்திரங்கண்ணனார் சொன்னபடி செய்தால் அந்த அரிசிக் கள் எப்படி இருக்கும் என்று ருசி பார்க்க ஆசைப்பட்டு, யாராவது ஒரே ஒரு சாடி போட்டு வைத்தால் இரண்டாவது ராத்திரி கழிவதற்குள் போலீஸ் வரலாம். 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் அமலில்தான் இருக்கிறது!