இழுப்பதும் நிறுத்துவதும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் என் தங்கையின் மகனுடன் லாஸ் வேகாஸிலிருந்து லொஸ் ஏஞ்சல்ஸ் நோக்கிக் காரில் வந்துகொண்டிருந்தேன். பாலைவன மேட்டுநிலம் முடிந்து, ஏறத்தாழ 4,000 அடி உயரத்திலிருந்து சாலை சரேலென இறங்கும் இடம் கஹோன் கணவாய். அவ்விறக்கத்தில் எமக்கு முன்னே நீண்ட பஸ் போன்ற ஒரு வாகனம் உறுமியபடி மெதுவாகச் சென்றது. அதன் பின்னால் ஒரு சிறிய கார். இரண்டுக்கும் இடையே ஓர் இரும்புச் சட்டம். காரின் சாரதி ஆசனத்தில் எவரும் இல்லை. ஆனால் வளைவுகளில் அதன் சுக்கான் தானாகவே திரும்பிக்கொண்டிருந்தது.

"பழுதடைந்த காரை இழுத்துப் போகிறார்களா?" என்று கேட்டேன். மருமகன் சிரித்தான். "இல்லை மாமா, முன்னால் போவது வீடு. பின்னால் போவது அந்த வீட்டுக்காரரின் கார்."

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் இது சாதாரணக் காட்சி. படுக்கையறை, சமையலறை, குளியலறை எல்லாவற்றையும் கொண்ட மோட்டார் வீட்டின் பின்னே இழுத்துச் செல்லப்படும் காரை அவர்கள் வேடிக்கையாகத் 'தேரை' என்கிறார்கள். ஆங்கிலத்தில் 'இழுக்கப்பட்டது' என்ற சொல்லும் தேரையைக் குறிக்கும் சொல்லும் ஒரே ஒலியுடையவை. 'டிங்கி' என்பது இன்னொரு பெயர். பெரிய கப்பலின் பின்னால் கட்டிச் செல்லும் சிறு படகைக் குறிக்கும் அச்சொல், ஆங்கிலத்துக்கு இந்திய மொழிகளிலிருந்து போனது. நங்கூரமிட்ட கப்பலிலிருந்து கரைக்குப் போய்வர ஒரு சிறு படகு வேண்டும் என்பதைக் கடற்கரையில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மோட்டார் வீட்டின் கதையும் அதுவே. ஓரிடத்தில் நிறுத்தி, தண்ணீர்க் குழாயையும் மின்சாரத்தையும் கழிவுக் குழாயையும் பொருத்திய பின்னர், ஓர் இறாத்தல் பாண் வாங்குவதற்காக அத்தனையையும் கழற்றிக்கொண்டு வீட்டையே கடைக்கு ஓட்டிச் செல்ல முடியுமா?

இந்த ஓடும் வீட்டுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வயது. 1910இல் நியூயோர்க்கின் மடிசன் சதுக்க அரங்கில் பியர்ஸ்-அரோ நிறுவனம் காட்சிக்கு வைத்த வாகனத்தில் படுக்கையாக மாறும் ஆசனமும், கைகழுவும் தொட்டியும், சாரதியுடன் பேசத் தொலைபேசியும் இருந்தன. அது செல்வந்தரின் விளையாட்டுப் பொருள். 1956இல் ஜனாதிபதி ஐசனோவர் கையொப்பமிட்ட சட்டத்தின் கீழ் 41,000 மைல் நெடுஞ்சாலை வலையமைப்புக்கு வழி பிறந்தது. 1966இல் அயோவா மாநிலத்தின் பொரஸ்ட் சிற்றி என்ற சிற்றூரிலிருந்து வினபேகோ நிறுவனத்தின் மோட்டார் வீடுகள் வெளிவரத் தொடங்கின. ஓய்வுபெற்ற ஆசிரியரும் தொழிலாளரும்கூட அவற்றை வாங்கினர். 1973இன் எண்ணெய்த் தடை அந்த உல்லாசத்துக்கு ஓர் அடி கொடுத்தது. பெற்றோலைக் குடித்துத் தீர்க்கும் வீட்டை ஊர் சுற்றிப் பார்க்க ஓட்டுவது வீண்செலவு என்பது அப்போது எல்லோருக்கும் உறைத்தது. வீட்டை நிறுத்திவிட்டுச் சிறிய காரில் சுற்றுவதே புத்தி.

ஆனால் எல்லாக் காரையும் நான்கு சில்லுகளும் தரையில் உருள இழுத்துச் செல்ல முடியாது. கைக்கியர் கொண்ட பழைய வொக்ஸ்வாகன் 'வண்டு' இதற்கு ஏற்றதாக இருந்தது. எடை குறைவு, கியரை நடுநிலையில் விட்டால் போதும். தானியங்கிக் கியர்ப்பெட்டியின் நிலை வேறு. பெரும்பாலானவற்றில் அதன் பாகங்களுக்கு எண்ணெயை அனுப்பும் பம்பியை இயக்குவது காரின் இயந்திரமே. இயந்திரம் ஓயச் சில்லுகள் மட்டும் நூற்றுக்கணக்கான மைல் உருண்டால், எண்ணெய் இன்றிக் கியர்ப்பெட்டி தேய்ந்து எரியும். எனவே அதற்கு இடங்கொடுக்கும் கார்களை மோட்டார் வீட்டுக்காரர்கள் தேடித்தேடி வாங்கினர். ஜெனரல் மோட்டர்ஸின் சற்றேர்ன் கார்கள், 2014ஆம் ஆண்டு மாதிரி வரையான ஹொண்டா சி.ஆர்.வி., முழு நடுநிலைக்கு மாற்றத்தக்க ஜீப் ரேங்ளர் ஆகியன அவர்களின் விருப்பத்துக்குரியவை.

வீடுகள் பெரிதாகப் பெரிதாகப் பெற்றோல் இயந்திரங்களின் இடத்துக்கு டீசல் வந்தது. பின்புறத்தில் அமர்ந்து வாகனத்தைத் தள்ளும் பெரிய டீசல் இயந்திரம், குறைந்த சுழற்சியிலேயே மிகுந்த இழுவிசை தரும். முப்பதாயிரம் இறாத்தல் வீட்டுடன் மூவாயிரத்து ஐந்நூறு இறாத்தல் காரையும் அது அலுங்காமல் மலையேற்றிவிடும். இங்கேதான் ஆபத்தும் தொடங்குகிறது. காரின் கைத்தடையை விடுவிக்க மறந்தாலும், அதன் சில்லு ஒன்று வெடித்தாலும், முப்பது நாற்பது அடி முன்னால் இருக்கும் சாரதிக்குத் தெரிவதில்லை. பின்னால் தீப்பிடித்த பின்னரே அறிந்தவர்களும் உண்டு.

அதைவிடப் பெரிய சிக்கல் இறக்கம். பெற்றோல் இயந்திரத்தில் காலை எடுத்ததும் காற்று புகும் வாயில் மூடிக்கொள்ளும். இயந்திரமே வேகத்தைப் பிடித்து இழுக்கும். வழமையான டீசல் இயந்திரத்தில் அத்தகைய வாயில் இல்லை. உள்ளே புகுந்த காற்று அமுக்கப்பட்டு, வில்சுருள்போல மீண்டும் உந்தித் தள்ளிவிடும். எடை முழுவதையும் சில்லுத் தடைகளே தாங்க வேண்டும். அவை சூடேறினால் பிடிப்பை இழக்கும்.

இந்த உண்மையை உயிரைப் பணயம் வைத்துக் கற்றவர் கிளெஸ்ஸி கமின்ஸ். இந்தியானா மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் ஒரு வங்கியாளரின் கார்ச் சாரதியாக இருந்து, 1919இல் தன் பெயரிலேயே டீசல் இயந்திர நிறுவனம் ஒன்று தொடங்கக் காரணமானவர். டீசல் லொறி நெடுந்தூரம் ஓடவல்லது என்று காட்டுவதற்காக, 1931இல் நியூயோர்க்கிலிருந்து லொஸ் ஏஞ்சல்ஸ் வரை தோழர்களுடன் அவர் லொறியில் பயணித்தார். பயணத்தின் இறுதிக் கட்டத்தில், நாம் இறங்கிய அதே கஹோன் கணவாயில், லொறி கட்டுக்கடங்காமல் ஓடத் தொடங்கியது. கீழே புகையிரதக் கடவையில் ஒரு சரக்குப் புகையிரதம் கடந்துகொண்டிருந்தது. அதனுடன் மோதாமல் அவர்கள் மயிரிழையில் தப்பினர்.

டீசலின் வலிமையை உலகுக்குக் காட்டப் புறப்பட்டவர் அதன் பலவீனத்தை அங்கே கண்டார். அந்த இறக்கத்தை அவர் மறக்கவில்லை. நிறுவனப் பொறுப்பிலிருந்து ஓய்வுபெற்ற பின்னர், 1950களில் அதற்கு விடை கண்டார். காற்று முழுமையாக அமுக்கப்படும் தறுவாயில் வெளியேற்றும் வால்வைத் திறந்துவிட்டால், அது திருப்பி உந்த முடியாது, இயந்திரமே தடையாகிவிடும். துளைகருவிப் பிடிகள் செய்துவந்த ஜேக்கப்ஸ் நிறுவனம் 1961இல் இக்கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. விபத்துக்கும் விடைக்கும் இடையே முப்பது ஆண்டுகள். இன்று லொறிகளிலும் பெரிய டீசல் மோட்டார் வீடுகள் பலவற்றிலும் அத்தடை இருக்கிறது. நாங்கள் கேட்ட உறுமலும் அத்தகைய தடையொன்றின் ஒலி என்றான் மருமகன்.

இழுபடும் காருக்கும் இப்போது தனித் தடைக்கருவி உண்டு. முன்வாகனம் வேகம் குறைக்கும்போது அது காரின் தடை மிதியைத் தானாக அழுத்தும். இணைப்புச் சட்டம் முறிந்தால் காரைத் தாங்கப் பாதுகாப்புச் சங்கிலிகள். அவையும் அறுந்தால் ஒரு மெல்லிய கம்பி இழுபட்டுக் காரின் தடையை இயக்கிவிடும். குறிப்பிட்ட எடைக்கு மேற்பட்ட இழுவைக்குத் தனித் தடை வேண்டும் என அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் சட்டம் உண்டு. எனினும் பின்னே வருவது சிறிய கார்தானே என்று எண்ணி அதைத் தவிர்ப்போரும் உளர்.

அன்றிரவு எனக்கு நினைவில் எழுந்தது கஹோன் அன்று. கொழும்பு–கண்டி வீதியின் கடுகண்ணாவ இறக்கம். செய்தி மேசையில் இருந்த காலத்தில், 'வேகக் கட்டுப்பாட்டை இழந்து பாதையை விட்டு விலகிப் பள்ளத்தில் வீழ்ந்தது' என்ற வாக்கியத்தை எத்தனை தடவை எழுதியிருப்பேன்! மலைநாட்டு வீதிகளில் பஸ்ஸும் லொறியும் கவிழ்ந்த ஒவ்வொரு முறையும் அதே வாக்கியம். எவ்வளவு பாரம் ஏற்றியிருந்தார்கள், எந்தக் கியரில் இறங்கினார்கள், தடைகளைக் கடைசியாக எவர் சோதித்தார் என்று நான் கேட்டது அரிது. அந்த வாக்கியத்தோடு செய்தி முடிந்துவிடும். இறந்தவர்களின் எண்ணிக்கை மட்டும் மாறும்.

கமின்ஸும் தான் தப்பியதை நல்லூழ் என்று கருதி விட்டிருக்கலாம். ஏன் நிற்கவில்லை என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வியை முப்பது ஆண்டுகள் கைவிடாமல் வைத்திருந்தார். கேள்வி கேட்பதே தொழிலாகக் கொண்டிருந்த நான், அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டுவிட்டேன்.