முதல் உருப்படியின் நட்டம் யாருக்கு? கிள்ளான் பள்ளத்தாக்கில் உதிரிப்பாகம் தேடிய வரலாறு

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் (‘செங்கல் வயல்கள்’) என்ற பெயரே ஒரு பழைய கொள்முதல் குறிப்புதான். 1881-இல் ஜனவரியில் தீயும் டிசம்பரில் வெள்ளமும் கோலாலம்பூரின் மர வீடுகளையும் அத்தாப்புக் கூரைகளையும் அழித்தன. மறு ஆண்டு சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடென்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், இனிச் செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டச் சொன்னார். களிமண் கிடைத்த இந்த இடத்தில் சூளைகள் எழுந்தன. அவற்றுள் சீனர் தலைவர் யாப் குவான் செங்கின் சூளை பேர்பெற்றது. செங்கல் வாங்குபவருக்குச் சிக்கல் குறைவு. ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்க்கலாம். ஓசை சரியில்லை என்றால் பக்கத்துச் சூளைக்கு நடக்கலாம்.

ரயில் வந்ததும் அந்த வசதி போயிற்று. 1886 செப்டம்பரில் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை மீட்டர் கேஜ் பாதை திறக்கப்பட்டது. கிள்ளான் ஆற்றைக் கடந்து கிள்ளான் ஊரைத் தொட 1890 ஆயிற்று. தண்டவாளம், சக்கரம், கொதிகலன் குழாய் எதுவும் உள்ளூரில் இல்லை. அரசுத் துறைக்கு வேண்டியதை லண்டனிலுள்ள கிரவுன் ஏஜென்ட்ஸ் அலுவலகம் வழியாக வாங்குவதே குடியேற்ற நாடுகளின் முறை. இங்கிருந்து இண்டென்ட் எனும் கேட்புப் பட்டியல் போகும். அங்கே விலை கேட்டு, பொறியாளரை வைத்துச் சோதித்து, கப்பலேற்றுவார்கள். தவறான துண்டு பெரும்பாலும் அங்கேயே கழிக்கப்பட்டுவிடும் என்பது இதன் நன்மை. காத்திருப்பின் செலவு முழுவதும் இந்தக் கரையில் விழுந்தது. 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறந்ததால் கப்பலிலிருந்து இறக்குவது எளிதானது. கடல் தொலைவு மட்டும் குறையவில்லை.

அதே 1901-இல் சிலாங்கூர், பேராக் ரயில்கள் ஒரே நிர்வாகத்தின்கீழ் வந்தன. இரண்டு மாநிலங்களும் தனித்தனியே வாங்கிய எஞ்சின்களை ஒரே கூரையின்கீழ்ப் பழுதுபார்க்க வேண்டியிருந்தது. சப்ளையரைத் தேடுவதைவிடத் தானே சப்ளையராகிவிடுவது என்ற விடை கோலாலம்பூரின் செந்தூலில் பிறந்தது. அங்கே எழுந்த மத்தியப் பட்டறையில் வார்ப்பு, கடைசல், கொல்லு வேலை, தச்சு எல்லாம் நடந்தன. பெட்டிகளும் அங்கேயே கட்டப்பட்டன. தமிழ்த் தொழிலாளர்கள் பட்டறையிலும், யாழ்ப்பாணத்து எழுத்தர்கள் ரயில்வே அலுவலகங்களிலும், குடும்பங்கள் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் குவாட்டர்ஸ்களிலுமாக ஒரு சமூகமே இதைச் சுற்றி அமைந்தது. பாகம் பிசகினால் கேட்க வேண்டிய ஆள் அடுத்த ஷெட்டில் இருந்தார். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவித்ததன் விலை 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் தெரிந்தது. ஜப்பானியர் கையிலிருந்த அந்தப் பட்டறையை அமெரிக்க பி-29 விமானங்கள் குண்டுவீசித் தகர்த்தன.

விடுதலைக்குப் பின் தேடல் காருக்கு மாறியது. 1967-இல் பத்து தீகாவில் வால்வோ பூட்டும் ஆலை தொடங்கிற்று. சி.கே.டி. என்ற பெயரில் பிரித்த காரைப் பெட்டிகளில் கொண்டுவந்து இங்கே பூட்டினார்கள். சப்ளையரைத் தேட வேண்டிய தேவையே இல்லாத தொழில் அது. பெட்டியைத் திறந்தால் போதும். அதனால்தான் 1980 வாக்கில் அரசு ‘கட்டாய நீக்கம்’ என்ற விதியைக் கொண்டுவந்தது. பட்டியலிட்ட பாகங்களைப் பெட்டியில் சேர்க்காமலே இறக்குமதி செய்ய வேண்டும். டயர், பேட்டரி போன்றவற்றின் இடம் காலியாக வரும். அதை உள்ளூர்ச் சரக்கால் நிரப்ப வேண்டும். தொழிற்கொள்கைகளில் இவ்வளவு நேரடியானது அரிது: ஓட்டையை முதலில் போட்டுவிட்டு, அடைப்பவரைத் தேடச் சொல்வது.

தேசியக் கார் நிறுவனமான புரோட்டோன் இந்தத் தேடலை நெருக்கடியாக்கியது. 1983-இல் நிறுவப்பட்ட நிறுவனம் 1985 ஜூலையில் ஷா ஆலமில் செய்த சாகா காரை வெளியிட்டது. மிட்சுபிஷி லான்சர் பியோரேயை ஒட்டிய வண்டி அது. முக்கிய பாகங்கள் ஜப்பானிலிருந்து வந்தன. இரண்டே மாதத்தில் நியூயார்க்கின் பிளாசா ஹோட்டலில் ஐந்து நாடுகள் செய்த உடன்பாட்டால் யென் ஏறத் தொடங்கிற்று. உடன்பாட்டுக்கு முன் ஒரு டாலருக்கு 240 யென் போல் இருந்தது, 1986 முடிவில் 160-ஐ ஒட்டி வந்துவிட்டது. மலேசியப் பொருளாதாரமும் அப்போது சுருங்கியிருந்தது. உள்ளூர்ப் பாகம் அதுவரை தேசப் பெருமைப் பேச்சாக இருந்தது. யென் கணக்கு அதைக் காசுப் பேச்சாக்கியது.

யார் என்ன செய்வார் என்று தெரிந்தால் போதும் என்ற நம்பிக்கையில் 1986-இல் அரசின் தொழில் வளர்ச்சி அமைப்பான மிடா, துணை ஒப்பந்தப் பரிமாற்றத் திட்டம் ஒன்றை ஏற்படுத்தியது. ஆலைகளின் திறனைப் பதிவுசெய்து, வாங்குவோருடன் இணைப்பதே நோக்கம். ஆனால் பதிவேட்டில் முகவரி கிடைக்கும், துணிச்சல் கிடைக்காது. ஒரு பிளாஸ்டிக் பாகத்துக்கு அச்சு வெட்டுவதற்கே பெருந்தொகை வேண்டும். ஆர்டர் உறுதியில்லாமல் எந்தப் பட்டறைக்காரர் அச்சில் பணம் போடுவார்? மாதிரி தேறாமல் தன் உற்பத்தி ஓட்டம் நிற்கும் என்று அஞ்சும் ஆலை எப்படி ஆர்டர் கொடுக்கும்?

இந்த முட்டுக்கட்டைக்கு மறுமொழியாக வந்தது 1988-இன் வெண்டர் (பாகம் செய்து தருபவர்) மேம்பாட்டுத் திட்டம். புரோட்டோன் அதன் முதல் ‘நங்கூர நிறுவனம்’. வாங்குவதற்கு உறுதி கொடுப்பதும் தொழில்நுட்பம் கற்பிப்பதும் அதன் பொறுப்பு. 1993-இல் வங்கிகளும் சேர்க்கப்பட்டன. கடன் கிடைக்கும் வழி திறந்தது. பூமிபுத்ரா (மலாய்க்காரரும் பிற பூர்வகுடியினரும்) தொழில்முனைவோரை உருவாக்குவது திட்டத்தின் வெளிப்படையான இலக்கு. செந்தூலில் மூன்று தலைமுறை இரும்போடு பழகிய தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் கதவு திறக்கவில்லை என்பதை, கைத்திறனும் கொள்கையும் சந்திக்காத இடமாகவே காண வேண்டும். இன்னொரு குறையும் இருந்தது. ஒரே வாங்குபவரை நம்பி வளர்ந்த வெண்டருக்கு அந்தக் காரின் விற்பனை சரிந்தால் வேறு வாசல் இல்லை.

உலக வர்த்தக அமைப்பின் விதிக்கு இணங்கி, உள்நாட்டுப் பாகக் கட்டாயத்தை மலேசியா 2004 தொடக்கத்தில் கைவிட்டது. அதற்குப் பின் பாகம் விற்க விலையும் தரமும் காலந்தவறாமையுமே துணை.

2017-இல் சீனாவின் ஜீலி கார் நிறுவனம் புரோட்டோனின் 49.9 விழுக்காடு பங்கை வாங்கியது. 2018 டிசம்பரில் வெளியான புரோட்டோன் எக்ஸ்70 கார் முழு வண்டியாகச் சீனாவிலிருந்து இறங்கியது. 2020 தொடக்கத்தில் தஞ்சோங் மாலிமில் பூட்டிய எக்ஸ்70 விற்பனைக்கு வந்தது. எந்தப் பாகம் பெட்டியில் வரலாம், எதை இங்கேயே செய்யலாம் என்ற கணக்கை வெண்டர்கள் மறுபடி முதல் வரியிலிருந்து போடத் தொடங்கினர்.