நீரும் மின்சாரமும்: 1776இல் கிடைத்த விடை

தூய நீர் மின்சாரத்தைக் கடத்தாது, அதில் கரைந்த உப்புகளே கடத்துகின்றன என்று பள்ளிப் பாடம் சொல்கிறது. பெரிய தவறில்லை. ஆனால் ஈரக்கையோடு சுவிட்சைத் தொடப்போகிறவருக்கு அது பாதி விடைகூட ஆகாது. நீர் எவ்வளவு கடத்தும் என்பது ஒரு கேள்வி; நீரும் உடலும் சேர்ந்திருக்கும் இடத்தில் மின்சாரம் எந்தெந்த வழியில் எவ்வளவு பாயும் என்பது வேறொரு கேள்வி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் வேதியியல் முதல் கேள்வியை விடாமல் துரத்திச் சென்றது. உயிர்ப் பாதுகாப்புக்கு வேண்டிய இரண்டாவது கேள்விக்கான அடிப்படை விடையோ, ஆங்கில அறிவியலாளர் ஹென்றி கேவண்டிஷ் 1776இல் வெளியிட்ட கட்டுரையிலேயே இருந்தது.

அந்தக் கட்டுரைக்குக் காரணம் ஒரு மீன். மின்திருக்கை கொடுக்கும் அதிர்ச்சி மின்சாரம்தான் என்று ஜான் வால்ஷ் 1773இல் எழுதியபோது எதிர்ப்பு எழுந்தது. கடல்நீர் நல்ல கடத்தி. மீனிடம் பிறக்கும் மின்சாரம் சுற்றியுள்ள நீரிலேயே குறுக்கே ஓடித் தீர்ந்துவிடும். தொட்டவர் கைக்கு அது எப்படி வரும்? கேவண்டிஷ் முதலில் மரத்தால் ஒரு செயற்கை மீன் செய்தார். மரம் போதிய அளவு கடத்தாததால் உப்புநீரில் ஊறிய தடித்த தோலால் இன்னொன்று செய்தார். மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் லெய்டன் ஜாடிகளின் அடுக்கோடு அதை இணைத்து, உப்புநீர்த் தொட்டியில் வைத்துத் தொட்டுப் பார்த்தார். மின்னோட்டத்தை அளக்கக் கருவி இல்லாத காலம் அது. அதிர்ச்சியை உணரும் தம் உடலையே அளவுகோலாக்கிக்கொண்டார். மழைநீரைவிடக் கடல்நீர் 100 மடங்கும், இரும்புக் கம்பி சுமார் 40 கோடி மடங்கும் நன்றாகக் கடத்துகின்றன என்பது அவர் தந்த மதிப்பு. அதைவிட முக்கியமானது அவர் வகுத்த விதி: பல வழிகள் திறந்திருந்தால் ஒவ்வொன்றிலும் கொஞ்சமாவது மின்சாரம் போயே தீரும், தடை குறைந்த வழியில் அதிகம் போகும். தடை குறைந்த ஒரே வழியைத்தான் மின்சாரம் தேர்ந்தெடுக்கும் என்ற நம்பிக்கை இன்றும் பலரிடம் இருப்பது வியப்புதான்.

அடுத்த நூறாண்டின் கதை வேறு திசையில் போனது. 1800இல் வில்லியம் நிக்கல்சனும் அந்தோணி கார்லைலும் வோல்டாவின் மின்னடுக்கின்மேல் கம்பி நன்றாகப் படியட்டும் என்று ஒரு துளி நீர் விட்டார்கள். அதில் குமிழிகள் கிளம்பின. மின்னடுக்கு நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிப்பது அப்படித்தான் தெரியவந்தது. கூடவே ஒரு முனையில் அமிலமும் மறுமுனையில் காரமும் தோன்றியதால், மின்சாரமே அவற்றைப் படைக்கிறதோ என்ற ஐயம் எழுந்தது. ஹம்ஃப்ரி டேவி கண்ணாடிப் பாத்திரத்தை விட்டு அகேட் கல்லுக்கும், பிறகு தங்கக் கிண்ணங்களுக்கும் மாறி, அவை பாத்திரத்திலிருந்தும் நீரிலிருந்தும் காற்றிலிருந்தும் வந்த கலப்புகளே என்று 1806இல் காட்டினார். மின்னோட்டம்தான் கரைபொருளை அயனிகளாக உடைக்கிறது என்று ஃபாரடே கருதியிருந்தார். உப்பு கரையும்போதே பிரிந்துவிடுகிறது, மின்னோட்டம் தேவையில்லை என்று ஸ்வாந்தே அர்ரேனியஸ் 1887இல் வாதிட்டார். இதற்கு அடித்தளமிட்ட அவருடைய 1884ஆம் ஆண்டு ஆய்வேட்டுக்கு உப்சாலா பல்கலைக்கழகம் தாழ்ந்த மதிப்பெண்ணே கொடுத்திருந்தது. 1903இல் நோபல் பரிசு வந்தது. நீரை மீண்டும் மீண்டும் காய்ச்சி வடித்து அளந்த கோல்ராஷும் ஹைட்வைலரும் 1894இல் கண்டது சுவையான முடிவு: கலப்பு எல்லாம் போன பிறகும் கடத்துதிறன் சுழியமாகவில்லை. நீர் மூலக்கூறுகளில் ஏறக்குறைய 55 கோடிக்கு ஒன்று தானே அயனிகளாகப் பிரிந்திருக்கிறது. 25 டிகிரி செல்சியஸில் மிகத் தூய நீரின் கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 0.055 மைக்ரோசீமென்ஸ்; கடல்நீரினுடையது சுமார் 50,000.

அப்படியானால் காய்ச்சி வடித்த நீர் ஆபத்தற்றதுதானே என்று கேட்கலாம். அனல்மின் நிலையங்களில் பெரிய ஜெனரேட்டர்களின் உள்ளீடற்ற செப்புக் கடத்திகளுக்குள்ளேயே, ஆயிரக்கணக்கான வோல்ட்டுக்கு நடுவில், குளிரூட்டும் நீர் ஓடுவது உண்மை. ஆனால் அந்த நீரை அயனிமாற்றுப் பிசின் ஓயாமல் சுத்திகரித்துக்கொண்டே இருக்கிறது. திறந்த பாத்திரத்தில் வைத்தால் காற்றின் கார்பன் டைஆக்சைடு கரைந்தே அதன் கடத்துதிறன் பல மடங்கு ஏறிவிடும். விரல் பட்டால் வியர்வையின் உப்பும் சேரும். குழாய் நீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இந்தியத் தரநிர்ணயம் குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் கரைபொருளை ஏற்கிறது.

இதைவிட ஆழமான பதில் தோலில் இருக்கிறது. உலர்ந்த தோலின் தடை 1,00,000 ஓம் வரை இருக்கக்கூடும். நனைந்தால் 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230 வோல்ட்டில் முதல் நிலையில் 2.3 மில்லி ஆம்பியர், சுருக்கென்ற உணர்வோடு போகும். இரண்டாம் நிலையில் 230 மில்லி ஆம்பியர். இதயத்தை நிறுத்த அதில் சிறு பகுதியே போதும். குளியலறை விபத்தில் நீர் செய்யும் முதல் கேடு இதுதான்: தான் கடத்துவதைவிட, தோல் என்ற தடுப்பை அது அழித்துவிடுகிறது. உப்பு மிகுந்த நீர்தான் எப்போதும் கொடியது என்ற எண்ணமும் கேவண்டிஷின் விதிக்கு முன் நிற்காது. உடலுக்குள் இருக்கும் திரவம் ஆற்றுநீரைவிட உப்பானது. நன்னீரில் மின்கசிவு இருந்தால் சுற்றியுள்ள நீரைவிட உடலே எளிய வழி. கடலில் பெரும்பங்கு நீர்வழியே போய்விடும். அதற்காகக் கடல்நீரில் பயமில்லை என்று ஆகாது, பங்கு குறையுமே தவிர இல்லாமல் போகாது.

பெர்க்லியில் பேராசிரியராக இருந்த சார்லஸ் டால்சியல், பிடித்த கம்பியை விடமுடியாமல் தசை இறுகும் எல்லையைத் தன்னார்வலர்களிடம் அளந்தார். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர். 1960களின் தொடக்கத்தில் அவர் அமெரிக்காவில் உருவாக்கிய கசிவுத் துண்டிப்பான் நீரையோ உப்பையோ பார்ப்பதில்லை. பேஸில் போன மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பியதும் சமமா என்று மட்டும் ஒப்பிடுகிறது. வித்தியாசம் அமெரிக்காவில் சுமார் 5 மில்லி ஆம்பியரையும், நம் வீடுகளில் பொருத்தப்படும் இதே வகைக் கருவியான ஆர்சிசிபியில் பொதுவாக 30 மில்லி ஆம்பியரையும் எட்டினால் நொடிப்பொழுதில் இணைப்பைத் துண்டிக்கும். வேறு ஏதோ வழியிலும் கொஞ்சம் போயிருக்கிறது என்பதற்கான கணக்கு அது. ஆனால் தரையோடு மின்தொடர்பில்லாமல் ஒருவர் ஒரு கையால் பேஸையும் மறு கையால் நியூட்ரலையும் தொட்டுக்கொண்டிருந்தால், போனதெல்லாம் உடல் வழியே திரும்பி வந்துவிடும். வித்தியாசம் இல்லாததால் கருவி அசையாது.